இயர்போனில் ‘உஸ்’ இரைச்சலா? நான்கு ரெசிஸ்டரில் ஓர் அட்டெனுவேட்டர்

கேள்வி இதுதான்: சென்சிட்டிவான இன்-இயர் இயர்போனை போனிலோ யுஎஸ்பி டாங்கிளிலோ (ஹெட்ஃபோன் சாக்கெட் தரும் சிறு அடாப்டர்) செருகியதும், பாட்டுக்குப் பின்னால் ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் கேட்கிறது. வால்யூமைக் குறைத்தாலும் அது குறைவதில்லை. ரெசிஸ்டர் வைத்துச் சரிசெய்யலாம் என்கிறார்களே, எத்தனை ஓம் போடுவது, எப்படி இணைப்பது, ஒலியின் தன்மை மாறிவிடாதா?

சரிசெய்யலாம். ஆனால் ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். சேனலுக்கு இரண்டு வேண்டும்: தொடராக ஒன்று, இயர்போனுக்குக் குறுக்கே ஒன்று. இதற்கு எல்-பேடு என்று பெயர்; ஒலியின் அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டரில் இது ஒரு வகை. இரண்டு சேனலுக்கும் சேர்த்து நான்கு ரெசிஸ்டர், ஒரு பின் (பிளக்), ஒரு சாக்கெட். அவ்வளவுதான் சாமான்.

சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் ஒரு சோதனை. முழுக்க நிசப்தமான ஓர் ஆடியோ ஃபைலை ஓடவிடுங்கள். பாட்டைச் சும்மா நிறுத்திவைத்துக் கேட்டால் போதாது. பல சாதனங்கள் சில நொடிகளில் ஆம்ப்ளிஃபயரையே அணைத்துவிடும், இரைச்சல் இல்லை என்று ஏமாந்துபோவீர்கள். ஃபைல் ஓடும்போது வால்யூமை அடியிலிருந்து உச்சிவரை நகர்த்துங்கள். இரைச்சல் ஒரே அளவில் இருந்தால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பிறகு, அதாவது அவுட்புட் நிலையில் பிறப்பது. அட்டெனுவேட்டர் அதற்கான மருந்து. வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் ஏறினால் அது முன்னாலிருந்தே வருகிறது. அட்டெனுவேட்டர் போட்டாலும், குறைந்த ஒலியை ஈடுகட்ட நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள், இரைச்சலும் கூடவே ஏறும். பயனில்லை. இந்த ஃபைலில் இரைச்சலே இல்லை, குறிப்பிட்ட பழைய பாடல்களில் மட்டும் கேட்கிறது என்றால் அது பதிவிலேயே இருக்கும் டேப் இரைச்சல். இயர்போன் உள்ளதைச் சொல்கிறது. புளூடூத் இயர்பட்ஸில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பதால் வெளியிலிருந்து எதுவும் செய்ய முடியாது.

சாதனத்தில் லோ கெயின், ஹை கெயின் என்று தேர்வு இருந்தால் முதலில் லோவில் வைத்துப் பாருங்கள். அதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடலாம். ஈக்வலைசரில் ட்ரெபிளைக் குறைத்துப் பார்ப்பது வீண். இரைச்சல் ஈக்வலைசருக்குப் பிறகுதான் உண்டாகிறது, பாட்டு மட்டும் மங்கும்.

ஏன் இந்த இயர்போனில் மட்டும் கேட்கிறது என்பதைக் கணக்காகப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் எத்தனை டெசிபல் குறைக்க வேண்டும் என்பதும் அதே கணக்கில்தான் வருகிறது. ஒரு மில்லிவாட்டுக்கு 112 டெசிபல், 16 ஓம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 வோல்ட்டில் இது 62.5 மில்லிவாட் வாங்கும். அதாவது 18 டெசிபல் கூடுதல். ஆக 1 வோல்ட்டுக்கு 130 டெசிபல். ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் வெறும் 10 மைக்ரோவோல்ட் என்றாலும் அது 1 வோல்ட்டுக்கு 100 டெசிபல் கீழே. காதில் 30 டெசிபலாக வந்து நிற்கும். இரவில் அமைதியான படுக்கையறையின் சத்தம் ஏறத்தாழ அந்த அளவுதான். ஆனால் இன்-இயர் டிப் காதை அடைத்து வெளிச்சத்தத்தைத் தடுத்துவிடுவதால் இந்த 30 டெசிபல் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும். 100 டெசிபல் சிக்னல்-இரைச்சல் விகிதம், 1 வோல்ட் அவுட்புட் என்று விளம்பரப்படுத்தும் சாதனத்தின் இரைச்சல் சரியாக இந்த 10 மைக்ரோவோல்ட்தான். எண் பெரிதாகத் தெரிந்தாலும் இத்தகைய இயர்போனுக்குப் போதாது.

மறுபக்கம், பாட்டுக்கு எவ்வளவு வோல்டேஜ் தேவை? 85 டெசிபலில் கேட்க 5.6 மில்லிவோல்ட் போதும். அதைவிட 20 டெசிபல் உயரும் உச்சங்களுக்கு 56 மில்லிவோல்ட். 1 வோல்ட் தரக்கூடிய டாங்கிளில் மீதி எல்லாம் பயன்படாமல் கிடக்கிறது. இதே பாட்டை 22 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டர் வழியாகக் கேட்டால் உச்சங்களுக்கு 0.7 வோல்ட் வேண்டும். டாங்கிள் தாராளமாகக் கொடுக்கும். இரைச்சலோ 30 டெசிபலிலிருந்து 8 டெசிபலுக்கு இறங்கிவிடும், அதாவது கேட்காது. அவுட்புட் 0.5 வோல்ட்தான் என்றாலும் 102 டெசிபல் வரை போகலாம், போதும்.

இப்போது தொடர் ரெசிஸ்டர் விஷயம். ‘இம்பீடன்ஸ் அடாப்டர்’ என்று 75 ஓம் போட்டு விற்கப்படும் கேபிள்கள் இந்த வகை. இரைச்சலைக் குறைக்கும், உண்மைதான். சிக்கல் என்னவென்றால் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை டிரைவர்கள் (ஒலி எழுப்பும் குட்டிப் பாகங்கள்) பல உள்ள இயர்போனில் இம்பீடன்ஸ், அதாவது ஆடியோ சிக்னலுக்கு அது காட்டும் தடை, ஒரே எண்ணாக இருப்பதில்லை. பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸில் எடுத்த அளவு. ஓர் அதிர்வெண்ணில் 8 ஓம், இன்னொன்றில் 40 ஓம் என்று அது ஏறி இறங்கும். 75 ஓம் தொடராக இருந்தால் 8 ஓம் உள்ள இடத்தில் ஒலி 20.3 டெசிபல் குறையும், 40 ஓம் உள்ள இடத்தில் 9.2 டெசிபல்தான் குறையும். வித்தியாசம் 11 டெசிபல். தயாரித்தவர் டியூன் செய்த இயர்போன் அல்ல இது, வேறொன்று. எட்டிமோட்டிக் இஆர்-4பி மாடலுக்கு 75 ஓம் கேபிள் போட்டு இஆர்-4எஸ் போல ஒலிக்கவைப்பது வழக்கத்தில் இருந்தது. அது அந்த மாற்றத்துக்காகவே வேண்டுமென்று செய்தது. இரைச்சலுக்காக மட்டும் செய்பவருக்கு அது வேண்டாத பக்கவிளைவு.

ஒரே ஒரு டைனமிக் டிரைவர் அல்லது பிளானர் டிரைவர் உள்ள இயர்போன் என்றால் இம்பீடன்ஸ் ஏறத்தாழ தட்டையாக இருக்கும். அங்கே தொடர் ரெசிஸ்டர் மட்டும் போட்டாலும் பெரிய தவறில்லை; 32 ஓம் இயர்போனுக்கு 100 ஓம் தொடராகப் போட்டால் 12 டெசிபல் குறையும். ஆனாலும் இன்னும் இரண்டு ரெசிஸ்டர் வைப்பதில் என்ன கஷ்டம்?

எல்-பேடில் இயர்போன் பார்க்கும் அவுட்புட் இம்பீடன்ஸைத் (தனக்கு முன்னால் இருப்பதாக அது உணரும் ஓம்) தீர்மானிப்பது குறுக்கு ரெசிஸ்டர். தொடர் 22 ஓம், குறுக்கு 2.2 ஓம் என்றால் இரண்டும் இணையாகச் சேர்ந்து 2 ஓம். மேலே சொன்ன 8–40 ஓம் இயர்போனில் ஏற்படும் வித்தியாசம் 1.5 டெசிபல். குறுக்கு 1 ஓம் என்றால் 0.8 டெசிபல்தான். அவுட்புட் இம்பீடன்ஸ் இயர்போனின் மிகக் குறைந்த இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான அளவுகோல். முடிந்தவரை அதை ஒட்டியே போங்கள்; சற்று மீறினாலும் மேலே கண்டபடி ஒன்றிரண்டு டெசிபல்தான் மாறும்.

இதில் கூடுதலாக ஒரு லாபம் உண்டு. சாதனத்தின் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம் என்று மோசமாக இருந்தாலும், எல்-பேடுக்கு முன்னால் அது 22-உடன் சேர்ந்து 32 ஆகும். இயர்போனுக்குத் தெரிவது 2.06 ஓம் மட்டுமே. இதுவரை அந்தச் சாதனத்தில் பேஸ் ஊதிப்போயோ மெலிந்தோ கேட்டிருந்தால் அதுவும் சேர்ந்து சரியாகும். அவுட்புட்டில் கப்பாசிட்டர் வைத்த பழைய பிளேயர்களிலும் இப்படித்தான்: 220 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் 16 ஓம் சுமையில் 45 ஹெர்ட்ஸிலேயே பேஸை வெட்டத் தொடங்கும்; எல்-பேடு போட்டுச் சுமை 24 ஓமாக மாறினால் அது 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

ரெசிஸ்டரே இரைச்சல் போடாதா என்று சிலருக்குச் சந்தேகம் வரும். போடும். 2 ஓம் ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல் முழு ஆடியோ அகலத்துக்கும் சேர்த்து 0.026 மைக்ரோவோல்ட். மறந்துவிடலாம்.

மதிப்பைத் தேர்வு செய்ய நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. குறுக்கு ரெசிஸ்டர் சிறிதாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சாதனத்துக்குக் காட்டும் சுமை 16 ஓமுக்குக் கீழே போகக் கூடாது, ஏனென்றால் பல டாங்கிள்கள் அதற்குக் கீழ் டிஸ்டார்ஷனைக் கூட்டும். 16 ஓம் இயர்போனுக்கு:

தொடர் 15, குறுக்கு 3.3 – 16 டெசிபல் குறைவு, அவுட்புட் 2.7 ஓம்.
தொடர் 15, குறுக்கு 2.2 – 19 டெசிபல், 1.9 ஓம்.
தொடர் 22, குறுக்கு 2.2 – 22 டெசிபல், 2 ஓம்.
தொடர் 33, குறுக்கு 2.2 – 25 டெசிபல், 2.1 ஓம்.
தொடர் 22, குறுக்கு 1 – 28 டெசிபல், 0.96 ஓம்.

முதல்முறை செய்பவருக்கு 22-உம் 2.2-உம் நல்ல ஜோடி. 1 ஓம் இன்னும் மேல் என்று தாளில் தோன்றும். செய்யும்போது அதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஒரு பக்கம் மோசமான சால்டர் இணைப்பு 0.1 ஓம் சேர்த்தாலே அந்தச் சேனல் 0.7 டெசிபல் ஏறிவிடும், பாடகர் நடுவிலிருந்து ஒருபக்கம் நகர்ந்துவிடுவார். இயர்போனின் இம்பீடன்ஸ் 8 ஓமுக்கும் கீழே இறங்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 1 ஓமுக்குப் போங்கள். தொடர் ரெசிஸ்டரை 47, 68 என்று ஏற்றாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு: சில போன்கள் செருகப்பட்ட சுமையை அளந்து, ஓம் அதிகமாக இருந்தால் பெரிய ஹெட்ஃபோன் என்று நினைத்துக் கெயினைத் தாமே ஏற்றிவிடும். எதற்காக இதைச் செய்கிறீர்களோ அதுவே பாழாகும்.

மெட்டல் ஃபிலிம், கால் வாட், 1 சதவீதம். கால் வாட் போதுமா? 1 வோல்ட்டில் 22 ஓமில் எரிவது 38 மில்லிவாட், 2 வோல்ட்டில் 154 மில்லிவாட். போதும். 5 வோல்ட்டுக்கு மேல் தள்ளும் மேஜை ஆம்ப்ளிஃபயரின் முழு வால்யூமில் ஏறத்தாழ 1 வாட் வந்துவிடும், அங்கே கால் வாட் கருகும்.

வண்ண வளையங்களில் இங்கே ஒரு பொறி. 22 ஓம்: சிவப்பு, சிவப்பு, கறுப்பு, தங்கம், பழுப்பு. 2.2 ஓம்: சிவப்பு, சிவப்பு, கறுப்பு, வெள்ளி, பழுப்பு. தங்கமா வெள்ளியா என்பது மட்டுமே வித்தியாசம். நீலப் பின்னணியில் மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான்காவது வளையம் சிவப்பாக இருந்தால் அது 22 கிலோ ஓம், அட்டெனுவேட்டரில் ஒலியே வராது. எனவே ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே எடுங்கள்.

2.2 ஓமை மல்டிமீட்டர் நேராக அளக்கும்போது அதன் ஒயர்களே 0.1 முதல் 0.3 ஓம் வரை சேர்த்துக் காட்டும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஜோடி பொருத்த அது போதாது. இதைச் செய்யுங்கள்: 1.5 வோல்ட் பேட்டரி, 100 ஓம் ரெசிஸ்டர், பொருத்த வேண்டிய இரண்டு 2.2 ஓம் ரெசிஸ்டர்கள், எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாக இணையுங்கள். ஏறத்தாழ 14 மில்லிஆம்ப் ஓடும். மீட்டரை 200 மில்லிவோல்ட் வரம்பில் வைத்து ஒவ்வொரு 2.2 ஓமின் உடலை ஒட்டிய கால்களில் வோல்டேஜைப் பாருங்கள். 31 அல்லது 32 மில்லிவோல்ட் வரும். இரண்டும் 0.2 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போனால் அதுவே ஜோடி. ஒரே கரன்ட் இரண்டிலும் ஓடுவதால் நேராக ஒப்பிடலாம்; வோல்டேஜ் அளக்கும்போது மீட்டர் ஒயரில் கரன்ட் ஏறத்தாழ ஓடாததால் அதன் ஓம் கணக்கில் வராது. 22 ஓம் ரெசிஸ்டர்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

மற்ற சாமான்கள்: 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், ஒயரில் பொருத்தும் 3.5 மி.மீ. பெண் சாக்கெட், 10 செ.மீ. மெல்லிய மல்டி-ஸ்ட்ராண்டு ஒயர் மூன்று, 3 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் டியூப், எல்லாவற்றையும் மூட ஒரு பெரிய டியூப், ரோசின் உள்ள 60/40 ஈயம், 25 வாட் அயர்ன். பழைய இயர்போனை வெட்டி எடுத்த ஒயர் வேண்டாம். அதன் இழைகளில் எனாமல் பூச்சு இருக்கும், எரித்தெடுக்காமல் ஈயம் பிடிக்காது. பிடித்ததுபோல உருண்டு நிற்கும், ஒரு வாரத்தில் விட்டுவிடும்.

பின்னில் முனை இடது, நடு வளையம் வலது, அடி வளையம் கிரவுண்டு. சாக்கெட்டின் கால்கள் எது எது என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றுவார்கள். அதனால் ஒரு பின்னைச் செருகிவைத்து மீட்டரின் பீப் சத்தத்தை வைத்துக் கண்டுபிடியுங்கள். சாக்கெட்டின் இடது காலுக்கும் கிரவுண்டு காலுக்கும் இடையே ஒரு 2.2 ஓம், வலது காலுக்கும் கிரவுண்டு காலுக்கும் இடையே இன்னொன்று. கால்களைக் குட்டையாக வெட்டி, ஒட்டியே வையுங்கள். இடது காலில் ஒரு 22 ஓமின் ஒரு முனை, வலது காலில் இன்னொரு 22 ஓம். அவற்றின் மறுமுனைகளிலிருந்து ஒயர் பின்னின் முனைக்கும் நடு வளையத்துக்கும் போகும். கிரவுண்டு ஒயர் நேராக அடி வளையத்துக்கு. 22 ஓம் ஒவ்வொன்றின் மேலும் ஷ்ரிங்க் டியூப்.

பின்னின் மூடியையும் பெரிய ஷ்ரிங்க் டியூபையும் ஒயரில் முன்கூட்டியே கோத்துவிடுங்கள். சால்டர் முடித்த பிறகு அவை மேஜையில் கிடப்பதைப் பார்ப்பது இந்த வேலையில் மிகச் சாதாரணம். பின்னைச் சூடாக்கும்போது அதை ஓர் உதிரி சாக்கெட்டில் செருகிவைத்திருங்கள். வளையங்களுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் இளகினாலும் பின் கோணாது. ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு, மூன்று நொடிக்கு மேல் அயர்ன் இருக்கக் கூடாது.

டியூபைச் சுருக்கும் முன், எதையும் செருகாமல் பின்னில் அளந்து பாருங்கள். முனைக்கும் அடி வளையத்துக்கும் 24.2 ஓம், நடு வளையத்துக்கும் அடி வளையத்துக்கும் அதுவே, முனைக்கும் நடு வளையத்துக்கும் 48.4 ஓம். சாக்கெட்டின் காலில் இடது–கிரவுண்டு 2.2. முனை–அடி 2.2 ஓம் என்று வந்தால் 22 ஓம் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்படியே செருகினால் சாதனம் 2 ஓம் சுமையைத் தாங்காமல் கரகரக்கும் அல்லது அணைந்துவிடும். முனை–அடி 22 ஓம் மட்டும் காட்டினால் குறுக்கு ரெசிஸ்டர் ஷார்ட், அந்தப் பக்கம் ஊமை.

கவனமாக இருக்க வேண்டியது குறுக்கு ரெசிஸ்டரின் இணைப்பு விட்டுப்போகும்போது. மீட்டரில் அது முடிவிலியாகத் தெரியும். காதிலோ அந்தப் பக்கம் மட்டும் 14 டெசிபல் சத்தம் ஏறும். உலர்ந்த சால்டர் இணைப்பு ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே விட்டால் அதிர்ச்சியாக இருக்கும். ஆகவே இந்த இரண்டு இணைப்புகளையும் மெல்ல இழுத்துப் பார்த்த பிறகே மூடுங்கள்.

பாடகரின் குரல் காணாமல்போய் பின்னணி இசை மட்டும் குகையில் ஒலிப்பதுபோலக் கேட்டால் கிரவுண்டு ஒயர் விட்டிருக்கிறது. இரண்டு சேனலுக்கும் பொதுவாக உள்ளது ரத்தாகி, வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது. மைக் உள்ள இயர்போனை மூன்று முனை சாக்கெட்டில் செருகும்போதும் இதே அறிகுறி வரலாம். மைக் பட்டனை அழுத்தியதும் குரல் திரும்பினால் குற்றம் உங்கள் சால்டரில் இல்லை, சாக்கெட்டின் கிரவுண்டு தகடு மைக் வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மைக் வேண்டுமென்றால் பின், சாக்கெட் இரண்டையும் நான்கு முனையில் வாங்கி, மைக் ஒயரை ரெசிஸ்டர் எதுவும் இல்லாமல் நேராகக் கடத்திவிடுங்கள்.

2.5 அல்லது 4.4 மி.மீ. பேலன்ஸ்டு அவுட்புட்டுக்கு இந்த வயரிங் ஆகாது. அங்கே இடது மைனஸும் வலது மைனஸும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர்கள். இரண்டையும் ஒரே கிரவுண்டில் கட்டினால் ஆம்ப்ளிஃபயரே போகலாம். ஒவ்வொரு சேனலிலும் பிளஸ்ஸில் 11, மைனஸில் 11 ஓம் தொடராக, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே 2.2 ஓம் குறுக்காக வையுங்கள். 11 ஓம் கிடைக்காவிட்டால் 10 போடலாம், குறைவு ஏறத்தாழ முக்கால் டெசிபல் மட்டுமே மாறும். இரண்டு சேனலும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

கடைசியாக ஒன்று, எல்லா வகைக்கும் பொது. அட்டெனுவேட்டரோடு கேட்கப் பழகியதும் வால்யூம் பார் எப்போதும் முக்கால்வாசியில் நிற்கும். அந்த நிலையில் அதைக் கழற்றிவிட்டு இயர்போனை நேராகச் செருகினால் ஒலி ஒரேயடியாக 20 டெசிபலுக்கு மேல் எகிறும். 85-இல் கேட்டவர் காதில் 107. அடாப்டரைச் சாதனத்தில் அல்லாமல் இயர்போனிலேயே விட்டுவைப்பது இதற்கு எளிய வழி. எந்தச் சாதனத்துக்குப் போனாலும் அது கூடவே போகும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வால்யூமை அடிக்குக் கொண்டுவந்த பிறகு கழற்றுங்கள்.